மரக் கோஸ்டர் ஏன் குலுங்குகிறது? வாசகர் கேள்வி – பதில்

மர ரோலர் கோஸ்டர்களின் பராமரிப்பு, புதுப்பிப்பு பற்றி வந்த கேள்விகள் இவை. பூங்காப் பணியாளர்களும் கேட்டிருக்கிறார்கள், ஆசைக்கு ஏறி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மரக் கோஸ்டருக்கு நாற்பது வயது. முதல் இறக்கத்தின் அடிவாரத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் பலகைகளை மாற்றினோம். அதே இடத்தில் மறுபடியும் பயங்கரக் குலுக்கல். மட்டமான மரத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: மரத்தின் மேல் பழி போடுவதற்கு முன் கால்களைப் பாருங்கள். கட்டிலின் கால் ஆடும்போது மெத்தையை மாற்றினால் ஆட்டம் நிற்காது. அதே இடம் மூன்றே ஆண்டில் கெட்டிருந்தால், அங்கே தடத்தைத் தாங்கும் கால்வரிசை ஒன்று இறங்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்தக் கால்வரிசையைத்தான் தொழிலில் ‘பென்ட்’ என்பார்கள்.

சில மில்லிமீட்டர் இறங்கினால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் நீளத்தில் 5 மி.மீ. ஏறி இறங்கும் ஓர் அலை தடத்தில் இருக்கிறது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் அதைக் கடந்தால் நொடிக்குப் பன்னிரண்டரை அதிர்வு, ஒவ்வொன்றிலும் சுமார் 1.5 ஜி (புவியீர்ப்பைப் போல் ஒன்றரை மடங்கு) கூடுதல் முடுக்கம். அடிவார வளைவினால் அங்கே ஏற்கெனவே 3 ஜி இருக்கலாம், இது அதற்கு மேல். இதே அலை 45 கி.மீ. வேகத்தில் 0.4 ஜி-தான் தரும், பயணிக்கு அவ்வளவாக உறைக்காது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. அதனால்தான் பெரும்பாலான மரக் கோஸ்டர்களில் முதலில் கெடுவது பெரிய இறக்கங்களின் அடிவாரம். அடி விழ விழப் பள்ளம் ஆழமாகும், பள்ளம் ஆழமாக ஆக அடியும் பலக்கும். பலகையை மட்டும் மாற்றினால் இந்தச் சுழற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்கி வைக்கிறீர்கள்.

எந்தக் கால் இறங்கியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவியான டோட்டல் ஸ்டேஷன் வைத்து ஒவ்வொரு பென்டிலும் இரண்டு தண்டவாளங்களின் உயரத்தையும் அளக்க வேண்டும். கட்டுமானத்தைச் சேராத, அசையாத கான்கிரீட் புள்ளி ஒன்றிலிருந்து அளப்பது முக்கியம். பழைய வரைபடம் கிடைக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று பென்ட்களை எடுத்து, இரு ஓரங்களின் சராசரி உயரத்திலிருந்து நடுவின் உயரத்தைக் கழியுங்கள். பென்ட்கள் 3 மீட்டர் இடைவெளியில் இருந்து, பள்ளத்தின் ஆரம் 30 மீட்டர் என்றால், ஒவ்வொரு இடத்திலும் விடை 150 மி.மீ. சுற்றி வர வேண்டும். பட்டியலில் 150, 146, 158, 146, 150 என்று வந்தால், 158 வந்த பென்ட் 8 மி.மீ. இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இறங்கிய காலில் எண் முழுசாக ஏறும், இரு பக்கத்து எண்களும் அதில் பாதி குறையும். இந்த மூன்று எண்களின் கோலம் மனதில் பதிந்துவிட்டால் பட்டியலைப் பார்த்ததும் ஆள் அகப்பட்டுவிடும்.

பிறகு அந்தக் காலடிக்குப் போய்த் தோண்டிப் பாருங்கள். மழைநீர் தேங்கி மண் இளகியிருக்கலாம், அடித்தளக் கான்கிரீட் வெடித்திருக்கலாம், காலின் அடிமுனை உளுத்திருக்கலாம். போல்ட் துளை முட்டை வடிவத்துக்கு விரிந்து கால் நழுவியிருப்பதும் உண்டு. சரிசெய்யும்போது, அந்தப் பென்டிலும் இருபுறத்துப் பென்ட்களிலும் சாய்சட்டப் போல்ட்களைத் தளர்த்திய பிறகே ஹைட்ராலிக் ஜாக் கொடுக்க வேண்டும். தளர்த்தாமல் தூக்கினால் சாய்சட்டம் போல்ட் துளையோடு பிளக்கும். இரு கால்களையும் சேர்த்து, ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் போகாமல் தூக்குங்கள். உளுத்த அடிமுனையை அறுத்துவிட்டு நல்ல துண்டை ஒட்டுப்போட்டுப் போல்ட் அடிக்கலாம். புதுக்காலை மண்ணிலோ கான்கிரீட்டுக்குள்ளோ புதைக்காதீர்கள். தரைக்கு மேல் நிற்கிற, நீர் வடிகிற இரும்புக் காலணியில் உட்கார வையுங்கள்.

இவ்வளவும் முடிந்து, மறுபடி அளந்து, எண்கள் ஒழுங்காக வந்த பிறகுதான் பலகை வாங்கும் பேச்சு.

கேள்வி: வண்டி போகும்போது மொத்தச் சட்டகமும் அசைகிறது. கீழே நின்று பார்த்தாலே பயமாக இருக்கிறது. இது கோளாறுதானே?

பதில்: அசைவது கோளாறு இல்லை. மரச்சட்டகம் வளைந்து கொடுத்துத்தான் அடியை வாங்கிக்கொள்ளும். எப்படி அசைகிறது என்பதைப் பாருங்கள். சட்டகம் மொத்தமாகச் சாய்ந்து மீண்டால் சரி. ஒரு சட்டத்துக்கும் இன்னொரு சட்டத்துக்கும் நடுவே வாய் திறந்து மூடினால், போல்ட் தலையைச் சுற்றி மரத்தூளோ துருத்தூளோ உதிர்ந்திருந்தால், ‘டக்’கென்று கட்டைச் சத்தம் வந்தால் அந்த இணைப்பு தளர்ந்துவிட்டது. இரு சட்டங்களுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள். கோடு முறிந்து விலகியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கேள்வி: வெளியே பார்க்க நன்றாக இருக்கும் சட்டம் உள்ளே உளுத்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு என்கிறார் ஒப்பந்ததாரர்.

பதில்: எல்லாவற்றையும் மாற்று என்பவருக்குச் சோதிக்கச் சோம்பல், அல்லது மரம் விற்க ஆசை. உளுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை, தண்ணீர் தங்கும் இடத்தைத் தேடித்தான் வருகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. ஆகவே தேட வேண்டிய இடங்கள் குறைவு: காலின் அடிமுனை, இரண்டு சட்டங்கள் முகத்தோடு முகம் ஒட்டிய பரப்பு, போல்ட் துளை, வானம் பார்த்த வெட்டுமுனை, தண்டவாளத்துக்கு நேர் கீழே குறுக்குச் சட்டத்தின் மேல்முகம். கடைசியில் சொன்னதுதான் பலர் கோட்டைவிடும் இடம். தண்டவாளமாக நிற்கும் பலகை அடுக்கு அதன் மேல் உட்கார்ந்திருப்பதால் வெளியிலிருந்து தெரியாது, அடுக்கைக் கழற்றினால்தான் வெளிச்சத்துக்கு வரும்.

சோதனைக்கு நான்கு கருவிகள் போதும். முதலில் சுத்தியல். நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்தது பொத்தென்று அமுங்கும். இரண்டாவது குத்தூசி. மரத்தில் சாய்வாகக் குத்தி நெம்புங்கள். நல்ல மரத்தில் நீளமான சிம்பு உரிந்து வரும். உளுக்கத் தொடங்கிய மரம் குட்டையாக, ஊசிக்கு நேர் மேலேயே, சத்தமில்லாமல் பிஸ்கட் போல உடையும். கண்ணுக்கு நிறம் மாறுவதற்கு முன்பே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது ஈரப்பத மானி. வெயில் காய்ந்த மேற்பரப்பை அளந்து ஏமாறாமல், காப்பிட்ட நீள ஊசி உள்ளவற்றை வாங்குங்கள். உளுக்காமலிருக்கச் செப்பு உப்பு மருந்து ஏற்றிய மரத்தில் மானி சற்றுக் கூட்டிக் காட்டும். அதனால் தனி எண்ணை நம்பாமல், பக்கத்தில் உள்ள நல்ல மரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்காவது எதிர்ப்புத் துளைமானி. கம்பி போன்ற மெல்லிய துளையூசி உள்ளே போகப் போக மரத்தின் எதிர்ப்பை வரைந்துகொண்டே வரும், பொந்து வந்த இடத்தில் கோடு தொப்பென்று விழும். கால்களுக்கும் பெரிய குறுக்குச் சட்டங்களுக்கும் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஒவ்வொரு சட்டத்துக்கும் பென்ட் எண்ணோடு தகட்டு எண் அடித்து மூன்று நிறத்தில் குறியுங்கள்: இப்போதே மாற்று, அடுத்த பருவத்துக்குள் மாற்று, விட்டுவிடு. ‘விட்டுவிடு’ என்ற நிறத்தை அஞ்சாமல் பூசலாம். பழைய மரங்களில் வைரம் மிகுந்த, நெருக்கமான வளையம் கொண்ட சட்டங்கள் இருக்கும். இன்று சந்தைக்கு வரும் வேகமாக வளர்ந்த மரத்தைவிட அவை பெரும்பாலும் உயர்த்தி.

ஓர் எச்சரிக்கை. பழைய மரம் சி.சி.ஏ. எனப்படும் செம்பு–குரோமியம்–ஆர்சனிக் கலவை ஏற்றியதாக இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அறுக்கும்போது முகமூடி அவசியம். கழித்த கட்டைகளை எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

கேள்வி: 100 மீட்டர் தடத்துக்குப் புதுப் பலகை போட எவ்வளவு மரம் பிடிக்கும்? எந்த மரம்? வேலையை எந்த வரிசையில் செய்வது?

பதில்: அமெரிக்க வழக்கில் தண்டவாளத்துக்குத் தென்மஞ்சள் பைன், சட்டகத்துக்கு அதுவோ டக்ளஸ் ஃபிரோ போடுவார்கள். எந்த மரமானாலும் சட்டகத்தில் உள்ள அதே இனத்தையோ அதற்கு நெருங்கிய வலுவுள்ளதையோ எடுங்கள். மருந்தேற்றிய பின் சூளையில் 19 விழுக்காடு ஈரத்துக்கோ அதற்குக் கீழோ உலர்த்தியதாக இருப்பது இனத்தைவிட முக்கியம். மருந்துத் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட வந்த பலகையை அடித்தால் அது உலர்ந்து சுருங்கும்போது உங்கள் அளவுகளெல்லாம் போய்விடும்.

கணக்கு இப்படி. ஒரு தண்டவாளத்தில் பெரும்பாலும் 7, 8 பலகைகள் தட்டையாக அடுக்கப்பட்டிருக்கும். 38 மி.மீ. தடிமனில் 8 அடுக்கு என்றால் உயரம் 304 மி.மீ., ஏறக்குறைய ஓரடி. 100 மீட்டருக்கு இரண்டு தண்டவாளம், எட்டு அடுக்கு, ஆக 1,600 மீட்டர் ஓட்டம். கழிவுக்கு 15 விழுக்காடு சேர்த்தால் 1,840 மீட்டர், அதாவது 4 மீட்டர் பலகையில் 460. கீழ் ஆறு அடுக்கும் 140 மி.மீ. அகலம், மேல் இரண்டும் 235 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் தடத்தில் உட்காரும் மரம் மட்டும் 10 கன மீட்டர். உலர்ந்த பைனில் அது 6 டன்னுக்குச் சற்று முன்பின். மேல் இரண்டு பலகையும் அகலமாக இருப்பதற்குக் காரணம், வண்டியின் அடிச்சக்கரம் அந்த உள்விளிம்பின் கீழேதான் ஓடுகிறது. ஜான் மில்லர் 1919-ல் காப்புரிமை பெற்ற அடிச்சக்கரம் வந்த பிறகே, வண்டி தடத்தை விட்டு எழும்பாமல் மேட்டின் உச்சியில் பயணியை இருக்கையிலிருந்து தூக்கும் கோஸ்டர்களைக் கட்ட முடிந்தது. அந்த விளிம்புப் பலகைகளில் கணு இருக்கக் கூடாது. லாரியிலிருந்து இறக்கும்போதே கணு இல்லாதவற்றைப் பொறுக்கி மேலடுக்குக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

வேலைக்கு வருவோம். இரு தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒன்று இருந்தால்தான் மற்றதற்கு அளவு. முதலில் எடுக்கப்போகும் பக்கத்தின் உயரத்தையும் மையக்கோட்டையும் ஒவ்வொரு பென்டிலும் குறித்துக்கொண்டு, சக்கரம் ஓடுவதற்காகப் பலகை மேல் பதித்த பட்டை இரும்பைக் கழற்றுங்கள். பிறகு அடுக்குகளை மேலிருந்து கீழாக, ஒன்றைவிட ஒன்று ஒரு முழமாவது குறைவாக வரும்படி படிக்கட்டுப் போல வெட்டி எடுக்க வேண்டும். பழைய தடமும் புதுத் தடமும் சேரும் இடம் ஒரே வெட்டாக நின்றால், அங்கே ஒரு வரப்பு கட்டியது போலாகிவிடும்.

அடுக்கு போனதும் குறுக்குச் சட்டத்தின் மேல்முகம் தெரியும். குத்தூசிக்கு இப்போதுதான் வேலை. முன்னே வந்தவர்கள் சொருகிவிட்டுப் போன ஆப்புத் துண்டுகளும் இங்கே கிடக்கும், சில இடங்களில் நாலைந்து சேர்ந்தே. அவற்றை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் முழுப்பரப்பையும் தாங்கும் ஒரே கட்டையை வையுங்கள். அடுக்கடுக்காக வைத்த ஆப்பு நசுங்கும், நகரும், கடைசியில் ஒரு நாள் கீழே விழும்.

பலகை மேலும் கீழுமாக வளையும், அகலவாட்டில் வளையாது. பக்கவாட்டு வளைவில் அதை முறுக்கி அடித்து உட்கார வைத்தால், அது வாழ்நாள் முழுக்க நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஆணியைத் தளர்த்தும். அங்கே குட்டைத் துண்டுகளாகக் கோணம் கொடுத்துச் சேர்க்க வேண்டும், அல்லது வில் வடிவில் அறுத்த பலகை போட வேண்டும். கணினி இயந்திரத்தில் முன்கூட்டியே வளைவாக வெட்டிவரும் தடங்களின் ஆயுள் கூடுவதற்கு இந்த உள்ளிழுப்பு இல்லாததே பெரிய காரணம். ஓர் அடுக்கின் இணைப்பும் அடுத்த அடுக்கின் இணைப்பும் குறைந்தது 60 செ.மீ. தள்ளியிருக்கட்டும். ஒவ்வோர் அடுக்கையும் கீழுள்ளதோடு தனித்தனியாக இறுக்குங்கள். எட்டையும் அடுக்கிவிட்டு மேலிருந்து ஒரே அடியாக முடித்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். வெட்டிய முனை ஒவ்வொன்றிலும் செப்பு நாஃப்தனேட் என்ற மரக்காப்பு மருந்தைத் தடவுங்கள். தொழிற்சாலையில் ஏற்றிய மருந்து வெளியோட்டில்தான் இருக்கிறது, அறுத்த முகம் மருந்து ஏறாத மரம்.

மேலடுக்கு முடிந்ததும் மட்டப்பலகையை நீளவாட்டில் வைத்துப் பார்த்து, துருத்திய இடத்தை இழைத்துவிடுங்கள். மறுபக்கத் தண்டவாளத்துக்கு இதுவே ஆதாரம். தட அகலத்துக்கு இரும்பில் ஒரு அளவுக்கோல் செய்துகொண்டு ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் வைத்துப் பாருங்கள். சட்டத்துக்குச் சட்டம் வைப்பதுதான் வேலை, நான்குக்கு ஒன்று என்று தாண்டினால் அளந்ததாகவே ஆகாது.

கேள்வி: ஆணியா, திருகா, போல்ட்டா?

பதில்: மூன்றும் வேண்டும், இடம்தான் வேறு. அடுக்குகளுக்கு நடுவே திருகுமுறுக்குள்ள ஆணியோ கட்டுமானத் திருகோ. ஒரு பலகையைக் கடந்து அடுத்ததிலும் நன்றாக ஏற 75 முதல் 90 மி.மீ. நீளம். சட்டக இணைப்புக்கு ஊடுருவும் போல்ட், இருபுறமும் பெரிய வாஷர். சாதா வாஷர் மரத்துக்குள் புதைந்துவிடும், இறுக்கியது போல் ஒரு பொய்யான நிறைவைக் கொடுக்கும். இன்றைய செப்பு மருந்துகள் இரும்பைச் சீக்கிரம் அரிக்கும். அதனால் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததோ துருப்பிடிக்காத எஃகோதான் வாங்க வேண்டும். பளபளவென்று மின்முலாம் பூசியது ஆகாது.

புதுச்சட்டம் போட்டால் முதல் வறண்ட பருவம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். 150 மி.மீ. தடிமனுள்ள இணைப்பில் மரத்தின் ஈரம் எட்டுப் புள்ளி இறங்கினால் சுருக்கம் சுமார் 2 மி.மீ. யாரும் தொடாமலேயே போல்ட் அந்த அளவுக்குத் தளர்ந்திருக்கும்.

கேள்வி: வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் மரம் நீடிக்குமா?

பதில்: வெயிலிலிருந்து நீடிக்கும். தண்ணீரிலிருந்து அரைகுறைதான், ஏனென்றால் தண்ணீர் நுழைவது வெடிப்பிலும் போல்ட் துளையிலும். தடித்த பெயிண்ட் உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடுவதும் உண்டு. புகைப்படத்துக்கு வெள்ளை அழகு, மரத்துக்கு ஆவி போகும் எண்ணெய்ப்பூச்சு மேல். ஆய்வு முடியாமல் பெயிண்ட் அடிக்கவே கூடாது. விரிசலை மறைப்பதில் அதற்கு இணை கிடையாது.

கேள்வி: பட்டை இரும்பின் திருகுத் தலைகள் அடிக்கடி அறுந்து விழுகின்றன. பெரிய திருகு போட்டும் அதே கதை.

பதில்: இரும்பு வெயிலில் நீள்கிறது, மரம் அதோடு நீளவில்லை. 10 மீட்டர் பட்டை 30 டிகிரி மாற்றத்துக்கு 3.6 மி.மீ. நீளும். முனைக்கு முனை முட்ட வைத்திருந்தால் அந்த 3.6 எங்கே போகும்? பட்டை வில்லாக எழும்பும், அல்லது திருகின் கழுத்தை அறுக்கும். பொருத்தும் நாளின் வெப்பநிலைக்கு ஏற்ப முனைகளில் இடைவெளி விடுங்கள். குளிர்ந்த காலையில் பொருத்தினால் அதிகம், உச்சி வெயிலில் குறைவு. இணைப்பைச் சதுரமாக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் சக்கரம் இடைவெளியில் ‘டொக்’கென்று விழாமல் சறுக்கிக் கடக்கும். முனை விளிம்பை அரத்தால் லேசாகச் சரித்துவிடுங்கள்.

இன்னொரு காரணம், பட்டைக்கு அடியில் மரம் நசுங்கி வெற்றிடம் விழுந்திருப்பது. சக்கரம் வரும்போது பட்டை கீழே அமுங்கி, போனதும் எழும்பும். எத்தனை பெரிய திருகு போட்டாலும் இந்த ஆட்டத்துக்குத் தாங்காது. பட்டையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தால் வெற்றிடம் சத்தத்திலேயே தெரியும். அங்கே மேல் இரண்டு பலகையாவது மாற்றியாக வேண்டும்.

தேய்மானத்தை மேல்முகத்தில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கச் சக்கரம் உரசும் உள்முகப் பட்டையும், அடிச்சக்கரம் ஓடும் கீழ்முகமும் கண்மறைவில் இருப்பதால் பெரும்பாலும் அளக்கப்படாமலே போகின்றன. விளிம்பில் கத்தி போலக் கூர்மை வந்திருந்தால் பக்கச் சக்கரத்தின் இடைவெளி தவறியிருக்கிறது.

கேள்வி: குலுக்கல் தடத்தினாலா வண்டியினாலா என்று இங்கே இரண்டு பிரிவுக்கும் ஓயாத சண்டை. தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில்: முடுக்கமானியைத் தீர்ப்பு சொல்ல விடுங்கள். ஒரே நாளில் இரண்டு வண்டிகளிலும், முன், நடு, பின் இருக்கைகளில் ஒவ்வொன்று கட்டி ஓட்டுங்கள். உதை எல்லா வண்டியிலும் தடத்தின் ஒரே இடத்தில் வந்தால் குற்றம் தடத்தில். ஒரு வண்டியில் மட்டும் வந்தால் வண்டியில். ஒரே ஒரு பெட்டியில், தடம் முழுக்க, வேகத்துக்குத் தக்கபடி விட்டுவிட்டு வந்தால் அந்தப் பெட்டியின் ஒரு சக்கரம் தட்டையாகியிருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது.

வண்டிக்காரர்கள் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நீளமான, வளைந்து கொடுக்காத பெட்டி திருப்பத்தில் தன் சக்கரங்களைத் தடத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகும், நாற்காலியை நகர்த்துவது போல. புதிதாகப் போட்ட தடமும் அதற்குச் சில பருவங்கள்தான் தாக்குப்பிடிக்கும். வளைவோடு திரும்பும் குட்டைப் பெட்டி வண்டிகள் இதைக் குறைக்கின்றன. தடத்துக்குச் செலவழித்துவிட்டு அதே முரட்டு வண்டியை ஓட்டுவதா என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே பேசி முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: மழைநாளில் வேகமாகப் போகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஈரமான பட்டையில் உரசல் குறைவு. பேரிங் கிரீஸ் சூடாக இளகுவதால் காலையைவிட மாலையிலும் வேகம் கூடும். மழையில் உராய்வு பிரேக்கின் பிடியும் குறையும், அதனால் நிறுத்தும் தூரம் நீளும்.

கேள்வி: மரத்தை விட்டுவிட்டு இரும்புத் தடம் போட்டுவிடலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. நல்லதா?

பதில்: மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் ஒரே பெயரால் சொல்லிக் குழப்புவார்கள். முதலாவது, மேல் இரண்டு பலகைக்குப் பதில் இரும்புப் பெட்டித் தடம் வைப்பது, கீழே மர அடுக்கு அப்படியே இருக்கும். இரண்டாவது, அடுக்கு முழுவதையும் எடுத்துவிட்டு ஆலையில் வளைத்த இரும்புத் தடத்தைப் பழைய சட்டகத்தின் மேல் போடுவது. டெக்சாஸ் ஜெயன்ட் 1990-ல் மரமாகத் திறந்து, 2011-ல் இப்படித்தான் இரும்புத் தடத்தோடு மறுபிறவி எடுத்தது. சீடர் பாயின்ட் பூங்காவின் ‘மீன் ஸ்ட்ரீக்’ கோஸ்டரும் 2018-ல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆனது. மூன்றாவது, மரமாகவே வைத்துக்கொண்டு துல்லியமாக மறுபடி போடுவது. ஜெர்மனியின் ஹைடே பார்க்கில் 2016-ல் மூடிய கொலோசோஸ், முழுதும் புதிய ஆலைத்தடத்தோடு 2019-ல் திரும்பியது. அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் உள்ள 1979-ம் ஆண்டு பீஸ்ட், 2022 பருவத்துக்குள் 600 மீட்டருக்கு மேல் புதுத்தடம் பெற்றது, முதல் இறக்கமும் 45 டிகிரியிலிருந்து 53 டிகிரியாகச் செங்குத்தானது.

எங்கள் கருத்து இது. ஆண்டுதோறும் கெடும் இரண்டு மூன்று அடிவாரங்களுக்கு மட்டும் இரும்பு போடுவது நியாயமான சமரசம். முழுக்க மாற்றுவது வேறொரு கோஸ்டரை வாங்குவதற்குச் சமம், நல்ல கோஸ்டராகவும் இருக்கலாம், ஆனால் அதைப் புதுப்பித்தல் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். எந்த வழியானாலும் சட்டகம் அதே மரம், காலடி அதே மண் என்பதை மறக்கக் கூடாது. விறைப்பான இரும்புத் தடம் சிறு இறக்கத்தைத் தாண்டிப் பாலம் போல நின்றுவிடும். குலுக்கல் நின்றதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, இறங்கிய காலின் சுமையைப் பக்கத்துக் கால்கள் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டிருக்கும். இறக்கத்தின் கோணத்தையோ வளைவையோ மாற்றினால் வேகமும் விசையும் எல்லா இடத்திலும் மாறும். அது பராமரிப்பு இல்லை, வடிவமைப்பு. ஏஎஸ்டிஎம் எஃப்2291, ஈஎன் 13814 போன்ற தரநிலைகளின்படி பொறியாளர் முழுக்கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

கேள்வி: பலகை பலகையாக மாற்றிவிட்ட பிறகு அது பழைய கோஸ்டர்தானா?

பதில்: மரக் கோஸ்டர் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான் வாழ்கிறது. 1902-ல் கட்டிய லீப்-த-டிப்ஸ் 1985-ல் மூடி, 1999-ல் மறுபடி ஓடியது. சான் டியேகோவின் ஜெயன்ட் டிப்பர் 1976 முதல் 1990 வரை நின்றே கிடந்தது. இங்கிலாந்தின் மார்கேட் நகரின் 1920-ம் ஆண்டு சீனிக் ரயில்வே 2008-ல் தீயில் கருகி, 2015-ல் எழுந்தது. நியூயார்க் கோனி ஐலண்டின் 1927 சைக்ளோனுக்கு மரத்தடம் இருந்தாலும் சட்டகம் தொடக்கத்திலிருந்தே இரும்பு. இவற்றில் காப்பாற்றப்படுவது வடிவமும் ஓட்டமும்தான், பலகை தேய்ந்து மாறும் உதிரி. அந்த வடிவத்தை அளந்து எழுதி வைக்காமல் பிரித்துவிட்டால்தான் கோஸ்டர் போகிறது.

கேள்வி: ஏற்றச் சங்கிலியையும் பிரேக்கையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாமா?

பதில்: கட்டாயம். சங்கிலி ‘நீள்வது’ இரும்பு இழுபடுவதால் அல்ல, ஊசியும் புஷ்ஷும் தேய்வதால். 100 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்து, புதிதில் இருந்ததோடு ஒப்பிடுங்கள். பொது ரோலர் சங்கிலிக்கு 3 விழுக்காடு எல்லை, உங்கள் கையேடு அதைவிடக் கண்டிப்பாக இருந்தால் கையேடுதான். சங்கிலி புதிது, பல்சக்கரம் பழையது என்று கலக்காதீர்கள், பழைய பல் புதுச் சங்கிலியைத் தின்றுவிடும். பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பற்சட்டத்தில் மழுங்கிய பல்லைத் தேடுங்கள். வண்டியின் கொக்கி ஒவ்வொன்றும் தானாக விழுகிறதா, கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கையால் தூக்கி விட்டுப் பாருங்கள்.

பிரேக் மாற்றுவதானால், காற்று போனால் ஸ்பிரிங் தானே கவ்விப் பிடிக்கும் வகையை எடுங்கள். காந்த பிரேக் தேயாது, ஆனால் வேகம் குறையக் குறைய அதன் பிடியும் குறையும், முழுதாக நிறுத்த அதை நம்ப முடியாது. மெல்பர்ன் லூனா பார்க்கின் 1912 சீனிக் ரயில்வேயில் வண்டியோடு பயணிக்கும் பிரேக்காரர் இன்றும் கைப்பிடியால்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்.

கேள்வி: வேலை முடிந்தது. எத்தனை சுற்று ஓட்டினால் திறக்கலாம்?

பதில்: எண்ணிக்கையைவிட நிலைமைதான் முக்கியம். இரண்டு எதிரெதிர் அந்தங்களைச் சோதியுங்கள். குளிர்ந்த காலை, காலி வண்டி, இறுகிய கிரீஸ், எதிர்காற்று: வண்டி மேட்டைத் தாண்டாமல் பள்ளத்தில் நின்றுவிடுமா என்று இதில் தெரியும். அடுத்தது சூடான மாலை, தண்ணீர் பொம்மைகள் ஏற்றிய முழுப்பாரம்: வேகம் வரம்பைத் தாண்டுகிறதா, பிரேக் பிடித்த பிறகு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். புதுத்தடத்தில் உரசல் குறைந்திருக்கும், வண்டி நீங்கள் பழகிய வேகத்தைவிடக் கூடுதலாகவே வரும். இரண்டு வண்டி ஓடும் கோஸ்டரானால், ஒன்றை ஒரு பகுதியில் நிறுத்திவிட்டு அடுத்தது தானே நிற்கிறதா என்று ஒவ்வொரு பகுதியிலும் பாருங்கள். உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டும் இதைச் செய்ய வேண்டும்.

முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் தடம் முழுக்க நடந்து தளர்ந்த திருகுகளை எண்ணுங்கள். மறுநாளும் எண்ணுங்கள். புது அடுக்கு உட்காரும்போது கொஞ்சம் தளரத்தான் செய்யும், எண் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். ஒரே பென்டுக்குப் பக்கத்தில் மட்டும் குறையாமல் நின்றால் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு டோட்டல் ஸ்டேஷனை எடுங்கள். அந்தக் கால் மறுபடி இறங்குகிறது.